வியட்நாம் போகிறீர்களா? நாட்டைப் புரியவிடாமல் செய்யும் தவறுகள்

ஹனோயில் இரண்டு நாள், ஹா லாங் விரிகுடாவில் படகில் ஓர் இரவு, டா நாங்கில் இரண்டு நாள், கடைசியில் ஹோ சி மின் நகரம். ஒரு வாரச் சுற்றுலாத் திட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மற்ற எல்லாத் தவறுகளும் இந்த அவசரத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நாட்டின் நீளம் ஏறத்தாழ 1,650 கி.மீ. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவதிலும் விமான நிலையத்திலுமே அரை நாள் போய்விடும்.

ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு, நடு, தெற்கு மூன்றுக்கும் சமையல் வேறு, பேச்சு வேறு, வானிலையும் வேறு. ஜனவரியில் ஹனோய்க்கு ஸ்வெட்டர் வேண்டும். அதே வாரம் சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரத்தில், வெயில் கொளுத்தும். நடுப்பகுதியில் மழைக்காலம் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. அக்டோபர், நவம்பரில் ஹோய் அன் பழைய நகரத் தெருக்களுக்குள் ஆற்று வெள்ளம் புகுவதுண்டு. நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்தால் ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் போங்கள். இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும். ஹாய் வான் கணவாயில் கடல் இடப்பக்கம் வரும்.

அடுத்த தவறு, ஹோட்டல் நேரத்தில் வாழ்வது. எட்டரைக்கு எழுந்து பஃபே சாப்பிட்டு வெளியே வரும்போது ஊர் தன் நாளில் பாதியை முடித்திருக்கும். ஹனோயின் ஹோவான் கியெம் ஏரிக்கரையில் ஐந்து மணிக்கே பாட்டிகள் கூட்டமாக உடற்பயிற்சி செய்வார்கள். சந்தையில் மீனும் கீரையும் அப்போதுதான் இறங்கும். பதினொன்றரைக்கு மேல் மதிய ஓய்வு. இரண்டு மணி வரை அலுவலகங்களில் வேலை நடக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஹோ சி மின் சமாதி காலையில் மட்டும்தான், திங்களும் வெள்ளியும் கிடையாது. டெட் என்ற சந்திரப் புத்தாண்டு வாரத்தில், ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையே, நாடே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். கடைகள் மூடிக்கிடக்கும், டிக்கெட் கிடைக்காது.

காலையில் சந்தைக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். போணி ஆகாத கடையில் சும்மா விலை கேட்டுப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் நகர்வது அங்கேயும் அபசகுனம். சில வியாபாரிகள் தோஷம் கழியக் காகிதத்தைக் கொளுத்தி வீசுவார்கள். முரட்டுத்தனம் என்று பலர் மனம் நொந்து எழுதுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். வேடிக்கை பார்ப்பதானால் பத்து மணிக்கு மேல் போங்கள். கடை வாசலில் தரையோடு தரையாக வைத்திருக்கும் சிவப்புப் பெட்டியையும் மிதித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் நிலத் தெய்வமும் செல்வத் தெய்வமும். முன்னால் பழம், காப்பி, சில நேரம் பற்றவைத்த சிகரெட்டும் படைத்திருப்பார்கள். முன்னோர் பீடம் இதற்கு மாறாக உயரத்தில் இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்புப்பொடியோடு போய் இந்திய உணவகங்களைத் தேடி அலைகிறார்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பின் சாறே மாட்டெலும்பையோ கோழியையோ மணிக்கணக்கில் கொதிக்கவைத்தது, கீரைப் பொரியலிலும் மீன் சாஸ் இருக்கும். ‘ஆன் சாய்’ என்று சொல்லுங்கள். உச்சரிப்பு காலை வாரும் என்பதால் கைப்பேசியில் எழுதியும் காட்டுங்கள். பௌத்த மரபில் வந்த முழுச் சைவம் அது. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது அமாவாசை, பௌர்ணமியில், அசைவக்காரர்களே பலர் அதற்கு மாறுவார்கள். அன்று சைவக் கடைகளில் உட்கார இடம் கிடைப்பதே அரிது. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

வயதைக் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். உங்களை அண்ணன் என்பதா, தம்பி என்பதா, அத்தை என்பதா என்று தெரியாமல் அவர்களால் வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது.

அமெரிக்கப் போரை மட்டும் வைத்து நாட்டை அளப்பது பெரிய பிழை. சீன ஆட்சிக்கு எதிராகக் கி.பி. 40-இல் எழுந்த சுங் சகோதரிகள், 1288-இல் மங்கோலியரை பாக் டாங் ஆற்றில் முறியடித்த சான் ஹுங் தாவ் ஆகியோரின் பெயர்கள் ஊர் தவறாமல் தெருக்களுக்கு உண்டு. தங்கியிருக்கும் தெருவின் பெயர் யாருடையது என்று தினமும் தேடிப் படியுங்கள். ஒரு வாரத்தில் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றின் சட்டகம் கிடைத்துவிடும். வடக்குப் படை சைகோனைப் பிடித்த 1975 ஏப்ரல் 30 வெற்றி நாள், அரசு விடுமுறை. தெற்கில் அதே நாளில் எல்லாவற்றையும் இழந்து படகேறிய குடும்பங்களும் உண்டு. எனவே கார் ஓட்டுநரிடம் ‘உங்கள் அப்பா எந்தப் பக்கம்’ என்று கேட்காதீர்கள். 1986-இல் டோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ரேஷன் சீட்டோடு வரிசையில் நின்ற காலத்தைப் பற்றி அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேளுங்கள். இன்றைய நகரங்களின் வேகம் அங்கிருந்துதான் புரியும்.

தமிழர்கள் தனியாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. சைகோனில் நகரத்தார் காலத்து மாரியம்மன் கோயிலையும் நடுப்பகுதியில் ஹோய் அன் அருகே உள்ள மி சன் சிவாலயங்களையும் பார்த்து ‘எல்லாம் நம்முடையது’ என்று பெருமைப்பட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாரியம்மனிடம் ஊதுபத்தியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். அவர்கள் என்ன வேண்டிக்கொள்கிறார்கள் என்று ஓரமாக நின்று கவனியுங்கள். மி சன்னைக் கட்டியவர்கள் சம்பா அரசை ஆண்ட சாம் மக்கள், 4 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அதன் முக்கியக் கோபுரம் சரிந்தது. ஆனால் அந்த மக்கள் அழிந்துவிடவில்லை. தென்கடலோர ஊரான ஃபான் ராங் அருகே, போ க்லோங் கராய் என்ற சாம் மன்னனின் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. காத்தே திருவிழாவில் மலைவாழ் ராக்லாய் மக்கள் மன்னனின் ஆடைகளைச் சுமந்து வர, முகம் செதுக்கிய லிங்கமான முகலிங்கத்தை நீராட்டி அவற்றை உடுத்துவார்கள். சாம் நாட்காட்டியின் ஏழாம் மாதத் தொடக்கத்தில், பொதுவாக அக்டோபரில் அது வரும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் முதலில் அதைத் தெரிந்துகொண்டு அறை பதியுங்கள். பழைய வழிகாட்டிகளில் அந்த ஊர் நின் துவான் மாகாணத்தில் இருக்கும். 2025 ஜூலையிலிருந்து அது கான் ஹோவா மாகாணம்.