கட்டம் நிரம்பிய பிறகும் ஒரு விடை: ஒளிந்திருக்கும் இறுதி விடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

அக்கா வீடு கேரளத்தில், புனலூரில். எங்கள் வீடு செங்கோட்டையில். மாதம் ஒரு தடவையாவது ரயிலில் போய்விடுவேன். பகவதிபுரம் தாண்டிக் குகை, ஆரியங்காவு, கழுதுருட்டிப் பக்கம் 13 கண் பாலம், தென்மலை என்று வழி முழுக்க மலைதான். அந்தப் பயணத்துக்கென்றே ஒரு குறுக்கெழுத்துப் புதிர் கையில் இருக்கும். தீர்ப்பதற்கு ஒன்று, அக்கா மகளுக்காக நானே தயாரித்தது ஒன்று.

அவள் படிப்பது மலையாளப் பள்ளியில். வீட்டுப் பேச்சு தமிழ். அங்கே குறுக்கெழுத்தைப் பதப்பிரஸ்னம் என்பார்கள், அதில் அவள் கெட்டிக்காரி. தமிழ்ப் புதிரிலும் கட்டங்களை நிரப்பிவிடுகிறாள். ஆனால் கடைசியில் "இறுதி விடை என்ன?" என்று ஒரு கேள்வி இருந்தால் போதும், அங்கேயே நின்றுவிடுவாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கும் யாருக்கும் இது போதும்.

முதலில், இது என்ன வகைப் புதிர்?

குறுக்கெழுத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் போட்ட வைர வடிவக் கட்டம்தான் தொடக்கம். இறுதி விடை ஒளிந்திருக்கும் வகைக்கு ஆங்கிலத்தில் மெட்டா என்று பெயர். மேட் காஃப்னி என்பவர் 2008 முதல் வாராவாரம் இப்படி ஒன்றை வெளியிட ஆரம்பித்த பிறகு இதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. அமைப்பு எளிமையானது. கட்டங்களை எல்லாம் நிரப்பிய பிறகு, நிரப்பிய சொற்களுக்குள்ளேயே இன்னொரு விடை இருக்கும். அதற்குத் தனிக் கட்டம் கிடையாது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் தயாரித்த ஒரு புதிரை வைத்தே படிப்படியாகப் போகலாம். தலைப்பு: "தலைச்சுமை". அடியில் ஒரு வரி: "இறுதி விடை, கோவில் கொடையில் பார்க்கக்கூடியது, 4 எழுத்து." கொடை என்றால் எங்கள் பக்கத்தில் கோவில் திருவிழா. இடமிருந்து வலம் போகும் குறிப்புகளில் நான்குக்கு மட்டும் நட்சத்திரக் குறி.

படி 1: தலைப்பையும் கடைசி வரியையும் எழுதி வையுங்கள்

இந்த வகைப் புதிரில் தலைப்பு சும்மா வைக்கப்படுவதில்லை. பாதி வழியை அது சொல்லிவிடும், ஆனால் முதல் வாசிப்பில் புரியாது. அதனால் தாளின் மேலே பெரிதாக எழுதிக்கொண்டு கட்டத்துக்குப் போங்கள். எழுத்து எண்ணிக்கையையும் மறக்காமல் எழுதுங்கள்.

படி 2: ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து

தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247. இவற்றில் எதுவானாலும் ஒரு கட்டம்தான். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு.

அக்கா மகள் முதல் நாள் இங்கேதான் தடுமாறினாள். மலையாளத்தில் "க்க" என்பதைச் சேர்த்து ஒரே எழுத்தாக எழுதிப் பழகியவள், முக்கனியை மு, க்க, னி என்று மூன்று கட்டத்தில் அடக்கிவிட்டு, "மாமா, ஒரு கட்டம் மிச்சமாகுதே?" என்றாள். மு, க், க, னி என்று நான்கு.

இறுதி விடை தேடும்போதும் இந்தக் கணக்கே அடிப்படை. புனலூர் என்று சொன்னால் அதற்குள் புனல் இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். கட்டத்தில் பு, ன, லூ, ர் என்று எழுதினால் அங்கே ல் கிடையாது. காதை நம்பாமல் கட்டத்தைப் பாருங்கள்.

படி 3: குறிப்பை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தப் புதிர்களில் குறிப்புகளும் நேராக இருக்காது. பெரும்பாலான குறிப்புகளில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று விடையின் பொருள், மற்றது விடையைக் கட்டும் வழி. பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் வராது.

எளிதானதில் தொடங்குவோம். "நகரம் கலைந்தால் பாவிகள் போகுமிடம் (4)". அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. கலைந்தால், குழம்பி, புரண்டு போன்ற சொற்களைக் கண்டால் பக்கத்திலுள்ள சொல்லின் எழுத்துகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நகரம் நரகம் ஆகிவிடும். "மீனவனின் கவலையில் மறைந்திருப்பது (2)" என்றால் கவலைக்குள்ளேயே தேட வேண்டும்: வலை.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் அந்தப் புதிரில் வைத்திருந்தேன். "ஆரியங்காவுக்கு அப்பால் குடிக்கலாம், இந்தப் பக்கம் வந்தால் ஓட வேண்டும் (4)". விடை வெள்ளம். மலையாளத்தில் அது குடிக்கும் தண்ணீர், தமிழில் ஊரையே அடித்துக்கொண்டு போவது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது. அதனால் இங்குள்ள பெரியவர்கள் பலருக்கு இரண்டு பொருளும் பழக்கம். குறிப்பைப் படித்து முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவார்கள்.

இனி நட்சத்திரம் போட்ட நான்கு.

"மக்களின் நடுப்பகுதியை விழுங்கிய முனிவருக்கு மா, பலா, வாழை (4)". மக்கள் என்பதன் நடுவில் இருப்பது க், க. முனி அதை விழுங்கினால் மு + க்க + னி. முக்கனி.

"பிரித்தால் பொருளை இழக்கும் ஜோடி (8)". சொத்துத் தகராறு போலத் தோன்றும். பொருள் என்றால் அர்த்தமும்தானே! சலசல, கலகல போன்ற ஜோடிகளைப் பிரித்தால் அர்த்தம் இருக்காது. இரட்டைக்கிளவி. இது வராவிட்டாலும் பரவாயில்லை. மேலிருந்து கீழ் வரும் வெள்ளம் இதை "ள" எழுத்தில் வெட்டுகிறது, ஏழாவது எழுத்து ள என்று தெரிந்தவுடன் பலருக்கு வந்துவிடும். சிக்கும் குறிப்பை விட்டுவிட்டு அதை வெட்டும் சொற்களைப் பிடிப்பதுதான் நல்ல வழி.

"நான் முன் நடுவே கதையைத் தொடங்கிப் படைப்பவன் (5)". நான் அப்படியே வரும். "முன்" என்பதன் நடுவே, கதையின் தொடக்க எழுத்தான க. நான் + மு(க)ன். நான்முகன்.

"நடுவை இழந்த ஐயம், பின்னால் பூதம்: உலகமே இதில் அடக்கம் (5)". ஐயத்தில் ய போனால் ஐம். ஐம்பூதம்.

படி 4: பொதுவானது எது?

கட்டம் நிரம்பிவிட்டது. இப்போது நட்சத்திரச் சொற்களை மட்டும், கட்டத்தில் வந்த வரிசையிலேயே, தனித்தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

முக்கனி
இரட்டைக்கிளவி
நான்முகன்
ஐம்பூதம்

நட்சத்திரம் இல்லாத புதிர்களில் நீளமான சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லாமல் சில கேள்விகள் கேளுங்கள். முதல் எழுத்துகளைச் சேர்த்தால்? மு, இ, நா, ஐ. ஒன்றுமில்லை. கடைசி எழுத்துகள்? னி, வி, ன், ம். அதுவும் இல்லை. இந்த இரண்டையும் எப்போதும் முதலில் சோதித்துவிடுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் பொருள் வழியாகப் பாருங்கள். பழம், இலக்கணம், கடவுள், இயற்கை. நான்கும் நான்கு திசை. பொருளில் ஒற்றுமை இல்லையென்றால் உருவத்தில் இருக்கும் என்று நம்பலாம், ஏனென்றால் நான்கையும் யாரோ காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இப்போது தலைப்புக்குத் திரும்புங்கள். தலைச்சுமை. சொற்களின் தலையில் என்ன இருக்கிறது? மு, மூன்று. இரட்டை, இரண்டு. நான், நான்கு. ஐம், ஐந்து. ஒவ்வொன்றும் தலையில் ஓர் எண்ணைச் சுமக்கிறது.

குறிப்புகள் இதை எப்படி மறைத்தன என்று கவனியுங்கள். "நான்" என்பதைத் தன்னைச் சொல்லும் சொல்லாகவே நாம் படித்தோம். ஐம் என்பதை ஐயத்திலிருந்து கட்டினோம், மு முனிவரிடமிருந்து வந்தது. விடையைக் கட்டும்போது எண் கண்ணில் படாமல் இருக்கத்தான் அப்படி எழுதினேன். அதனால்தான் தனித்தாள் வேண்டும் என்கிறேன். குறிப்புகளை விட்டுச் சொற்களை மட்டும் பார்த்தால்தான் இது தெரியும்.

படி 5: எண்ணை வைத்து என்ன செய்வது?

ஒற்றுமையைக் கண்டுபிடித்ததும் பலர் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னும் எழுத்துகள் கையில் வரவில்லை. புதிரில் எண் கிடைத்தால் பொதுவாக இரண்டு வேலைகளில் ஒன்றுக்கு: எத்தனையாவது எழுத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லும், அல்லது எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று சொல்லும். இரண்டையும் முயன்று பாருங்கள்.

முக்கனியில் மூன்றாவது எழுத்து: க.
இரட்டைக்கிளவியில் இரண்டாவது: ர.
நான்முகனில் நான்காவது: க.
ஐம்பூதத்தில் ஐந்தாவது: ம்.

கரகம்!

அக்கா மகள் இங்கே ஒரு தவறு செய்தாள், நிறைய பேர் செய்வதுதான். எண்களைப் பார்த்ததும் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசைப்படுத்தி, ர, க, க, ம் என்று எழுதி "ரககம்னா என்ன மாமா?" என்று கேட்டாள். எழுத்தை எடுக்க அந்த எண்ணை ஒருமுறை பயன்படுத்திவிட்டோம். வரிசைக்கும் அதையே எடுத்தால் ஒரே சாவியால் இரண்டு பூட்டைத் திறக்கிற கதை. வரிசை கட்டத்திலேயே இருக்கிறது, மேலிருந்து கீழாக. வந்த வரிசையைக் கலைக்காமல் எழுதச் சொன்னது அதற்காகத்தான்.

படி 6: விடை சரியா என்று சோதியுங்கள்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். கோவில் கொடை, நான்கு எழுத்து என்றதும் ஒருவர் கட்டத்தைத் தொடாமலே பொங்கல் என்று சொல்லிவிட்டார். பொ, ங், க, ல். நான்கு எழுத்துதான், கொடையில் பார்க்கவும் செய்யலாம். இன்னொருவர் முளைப்பாரி என்றார். தலையில் சுமப்பது என்பதால் தலைப்புக்கும் பொருந்துகிறது, ஆனால் ஐந்து எழுத்து.

மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கடைசி வரியில் கேட்டதற்குப் பொருந்துகிறதா? நட்சத்திரச் சொற்கள் எல்லாவற்றிலிருந்தும், ஒரே விதிப்படி எழுத்து வந்ததா? தலைப்பு இப்போது விளங்குகிறதா? கரகம் கொடையில் ஆடுவது, நான்கு சொல்லுக்கும் ஒரே விதி, சொல்லின் தலையில் எண் இருப்பது போலவே ஆடுகிறவர் தலையில் கரகம். மூன்றும் பொருந்துகின்றன. பொங்கலுக்கு முதல் கேள்வி மட்டும்தான் பொருந்தும்.

நான்கில் மூன்று சொல் பொருந்தி ஒன்று பொருந்தவில்லை என்றால், அந்த ஒன்றைக் கட்டத்தில் தவறாக நிரப்பியிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் நம் விதியே தவறு. "கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்று விடக்கூடாது. புதிர் போட்டவர் எல்லாச் சொல்லையும் பொருத்தித்தான் வைத்திருப்பார், அந்த உழைப்புக்கு நாம் தரும் மரியாதை முழுக் காரணத்தோடு விடை சொல்வது.

வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்?

சுருக்கமாகச் சொல்கிறேன். வட்டமிட்ட கட்டங்களில் இருக்கலாம். குறிப்புகளின் முதல் எழுத்துகளில் இருக்கலாம், கட்டத்தில் எதுவும் அகப்படாவிட்டால் குறிப்புப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படியுங்கள். கட்டத்தின் மூலைவிட்டத்தில் இருக்கலாம். சில புதிர்களில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்து மாறியிருக்கும், மாறிய எழுத்துகள் சேர்ந்து விடையாகும்.

இப்போது நீங்கள் செய்து பாருங்கள்

சிறிய புதிர். தலைப்பு: "கடைசிப் பெட்டி".

1. திருப்பிப் போட்டாலும் அம்மாவின் தம்பிதான் (2)
2. உறவினரை வைத்து விளையாடலாம் (3)
3. தன் வாயால் கெடும் (3)

இறுதி விடை: முக்கனியில் சேராத ஒரு பழம், 3 எழுத்து.

கொய்யாவும் மூன்று எழுத்துதான். ஆனால் எந்தப் பெட்டியிலிருந்து எந்த எழுத்து வந்தது என்று சொல்லாமல் அதை ஏற்க மாட்டேன்.