ஒரே பறவை, இரண்டு தீவுகள்: ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சிரிப்பானைத் தேடுவது எப்படி?

வேறெங்கும் இல்லாத உயிரினங்களைப் பார்க்கத் தீவுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் நிறைய. அதற்குக் கப்பலேற வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் பஸ் ஏறினால் போதும்.

நீலகிரி, பழனி மலை உச்சிகளின் சோலைகள், அதாவது அடர்ந்த குளிர்க்காடுகள், தீவுகள்தான். கடலுக்குப் பதிலாகச் சுற்றிலும் சூடான சமவெளி. நடுவே ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அது தாண்ட முடியாத கடல். 1835இல் கலாபகோஸ் தீவுகளுக்குப் போன இயற்கை அறிஞர் டார்வின், மாக்கிங்பேர்டு என்ற பறவைகள் தீவுக்குத் தீவு மாறுபடுவதைக் கவனித்தார். அதே அதிசயம் நம் சிரிப்பானிடமும் உண்டு. நீலகிரியில் நீலகிரி சிரிப்பான், கணவாய்க்குத் தெற்கே பழனி சிரிப்பான். இரண்டையும் பார்ப்பதுதான் நம் திட்டம்.

முதலில் பைனாகுலர்

8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். சோலைக்குள் பகலிலும் இருட்டு என்பதால் அகலமான கண்ணாடி வேண்டும். 16 மடங்கு, 20 மடங்கு என்று விற்பவற்றைத் தொடாதீர்கள். கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும்.

அப்புறம் அதை உங்கள் கண்ணுக்குப் பொருத்த வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் "ஒன்றுமே தெளிவாகத் தெரியவில்லை" என்று வைத்துவிடுகிறார்கள். தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, எழுத்து தெளிவாகும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். இப்போது இடதை மூடி, வலக்கண் வைக்கும் இடத்திலுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். தெளிந்ததும் வளையத்தை அப்படியே விட்டுவிடலாம். இனி நடுச்சக்கரம் மட்டும்தான்.

மலையேறும் முன் ஒரு வாரம் மொட்டை மாடியில் காக்கை, மைனாவை வைத்துப் பழகுங்கள். பறவை தெரிந்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடக்கூடாது. கண்ணைப் பறவை மேலேயே வைத்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்.

பயண ஏற்பாடு

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுங்கள்; 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களிலும் இந்த முறை வந்தது. அரசு பஸ்ஸுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் ஊட்டியில் காலையில் உறைபனி இருக்கும், கையுறை அவசியம்.

சோலை ஓரத்தில்

ஊட்டியில் தொட்டபெட்டா சாலை, கொடைக்கானலில் வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலை. விடிந்ததும் போங்கள், சாலையை விட்டு உள்ளே இறங்காதீர்கள். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே வரும். எதிரே நின்றால் அது போகும்வரை காத்திருங்கள்.

ஒரே இடத்தில் இருபது நிமிடம் நில்லுங்கள். சிரிப்பான் கண்ணில் படும் முன் காதில் விழும். தொட்டபெட்டாவில் நான் முதலில் பார்த்தது அப்படித்தான். சட்டென்று புதருக்குள் ஒரு சிரிப்பு, இன்னொன்று பதில் சொன்னது. பிறகு ஒன்று தவிட்டுப்பழச் செடியில் ஏறி, பழத்தைக் குத்தித் தின்றது. அலகில் கருஞ்சிவப்புக் கூழ் ஒட்டியிருந்தது. வெள்ளைப் புருவம், கறுத்த தொண்டை, செம்பழுப்பு மார்பு. பழனி சிரிப்பானுக்கும் வெள்ளைப் புருவம் உண்டு, ஆனால் மார்பு சாம்பல் நிறம். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்: மொபைலில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். போட்டிக்கு இன்னொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து, அது கூட்டையும் இரையையும் விட்டு அலையும். இருப்பதே இந்தச் சின்னத் தீவுதான், அதற்கு ஒதுங்க வேறு இடம் இல்லை.

பார்த்ததை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் நேரம், இடத்தோடு பதியுங்கள், இலவசம்தான்.

சிரிப்பான் பழகியதும் நீல ராபின் என்ற இன்னொரு சோலைப் பறவையைத் தேடுங்கள். சோலைத் தரையின் இருட்டில் தத்தித் தத்தி வரும், பொறுமை வேண்டும். விலாவில் செம்பழுப்பு தெரிந்தால் அது நீலகிரிப் பறவை. செம்பழுப்பே இல்லாமல் வயிறு வெள்ளையாக இருந்தால், நீங்கள் நிற்பது பழனி மலை.