கைட்டோசான் சங்கிலியை மீயொலியால் குறுக்கும் முறை

இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் மிக நீண்ட சங்கிலிகளைக் கொண்ட பாலிமர் என்பதால், அதன் கரைசல் கொழகொழவென்று நிற்கும். கடலூர், புதுச்சேரி வட்டாரத்து ஆய்வகங்களில் இதைக் கையாளும் மாணவர்கள், குட்டைச் சங்கிலி தேவைப்படும்போது, அமிலத்தில் கொதிக்கவைப்பதைவிட மீயொலியை நாடுவதே நல்லது என்பேன். 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியால் உண்டாகும் நுண்குமிழ்கள் நொறுங்கும்போது சுற்றியுள்ள திரவம் விரைந்து பாய்கிறது. அந்த இழுப்பில் சங்கிலி பெரும்பாலும் நடுப்பகுதியில் அறுபடுகிறது. அமிலமோ இடம் பார்க்காமல் வெட்டும்.

ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில், 100 மில்லிக்கு அரை கிராம் வீதம் கைட்டோசானை இரவு முழுவதும் கலக்கிக் கரைத்து, வடிகட்டிக்கொள்ளுங்கள். இதைவிடக் கெட்டியாக வைத்தால், சங்கிலிகள் பின்னிக்கொண்டு அறுபடும் வேகம் குறையும்.

மிகுந்த கவனம் வேண்டியது வெப்பநிலையில்தான். சூடேறினால் வினை விரையும் என்ற வழக்கமான கணக்கு இங்கே தலைகீழ்: சூடான கரைசலில் குமிழுக்குள் நீராவி நிறைந்து, மெத்தைபோல் தாங்கி, நொறுங்கும் வேகத்தைத் தணித்துவிடுகிறது. மே மாதத்தில் நம் ஊர்க் குழாய்நீரே வெதுவெதுப்பாக வருவதால் அதை நம்பாமல், பீக்கரை ஐஸ் நீரில் அமர்த்தி, 5 விநாடி ஓட்டம், 5 விநாடி ஓய்வு என மீயொலிக் கருவியை அமைத்து, கரைசல் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவியின் டைட்டானியம் முனை கரைசலில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மூழ்கியிருக்கட்டும். கண்ணாடியைத் தொடவே கூடாது. முனை மேலேறினால் காற்றை இழுத்து நுரைக்கும்; சீரான இரைச்சல் மாறுவதிலிருந்தே அதை அறியலாம். காதுக் கவசம் கட்டாயம்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சம அளவு எடுத்து, சோடியம் அசிட்டேட் கலந்த அசிட்டிக் அமிலத்தில் ஒரே விகிதத்தில் நீர்த்து, உபெலோடு விஸ்கோமீட்டரில் (கொழகொழப்பை அளக்கும் கண்ணாடிக் குழாய்) வழியும் நேரத்தைக் குறியுங்கள். விஸ்கோமீட்டரை அமர்த்தும் தொட்டியின் வெப்பநிலை மாறக் கூடாது; சூடாக்க மட்டுமே தெரிந்த நீர்த்தொட்டியால், அறையே 33 டிகிரி இருக்கும்போது 25 டிகிரியைத் தர முடியாது. எல்லா அளவீட்டையும் 35 டிகிரியிலேயே எடுப்பது நம்பகமானது. வழியும் நேரம் முதலில் வேகமாகக் குறைந்து, பின்பு ஏறக்குறைய மாறாமல் நிற்கும். குட்டையான சங்கிலியை அந்த இழுப்பால் அறுக்க முடியாது என்பதே காரணம், அங்கே நிறுத்திவிடுங்கள்.

முனை தேய்ந்து உதிர்ந்த சாம்பல் நிறத் துகள்களை மையவிலக்கியில் பிரித்தபின், சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கைட்டோசானை வீழ்படிவாக்கி, கழுவுநீர் நடுநிலைக்கு வரும்வரை அலசி உலர்த்துங்கள்.