கண்ணாடியில் ஒட்டிய வாட்டர்கலர்: ஃபிரேமைப் பிரித்துச் சரிசெய்த விதம்

சென்னை ஈரக்காற்றில் வாட்டர்கலர் தாள் அலையலையாகிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டது. ஒட்டிய இடத்தில் பழுப்புப் புள்ளிகள். மவுண்ட் (நடுவில் படம் தெரிய ஜன்னல்போல் வெட்டிய அட்டை) இல்லாமல் கண்ணாடியோடு அழுத்திப் போட்டதுதான் காரணம்.

படத்தை மெல்லப் பிரித்தெடுத்து, இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே கனம் வைத்து இரண்டு நாள் விட்டேன். புள்ளிகளைத் தேய்க்கவில்லை, தேய்த்தால் நிறமும் சேர்ந்து போய்விடும்.

பிறகு 2 மி.மீ. அமிலமற்ற மவுண்ட் போர்டில் ஜன்னல் வெட்டினேன். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி தருவது அதுதான். படத்தின் மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய, உறுதியான ஜப்பானியத் தாளின் இரண்டு துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டி, பின்னட்டையில் தொங்கவிட்டேன். நாலு பக்கமும் ஒட்டினால் தாள் விரிய இடமில்லாமல் மறுபடி புடைக்கும். செலோடேப் கூடவே கூடாது. அதன் மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

பின்னட்டையும் அமிலமற்றதே. சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்றோட்டத்துக்காக, ஃபிரேமின் பின்பக்கக் கீழ்மூலைகளில் 5 மி.மீ. ரப்பர் குமிழ்கள். மழைச்சாரல் படும் வெளிச்சுவரை விட்டு, உள்சுவரில் மாட்டினேன்.