எதை மீறினால் ‘காண்ட்ரவீன்’?

தென்னாப்பிரிக்காவில் கொஞ்ச நாள் குடியிருந்தால் போதும், சட்டத்தையோ விதியையோ மீறுவதைக் குறிக்கும் ‘காண்ட்ரவீன்’ (contravene) என்ற ஆங்கில வினைச்சொல் எப்படியாவது வீடு தேடி வந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய ஊர்ச் சாலையில் 80-இல் போனால் ஃபைன் சீட்டில் வரும். எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காமல் பின்பக்கம் ஒரு அறை எழுப்பினால், 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டடச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் காட்டி வரும் நோட்டீஸில் இருக்கும். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் பெரும்பாலோருக்கு ஆங்கிலமே வீட்டுமொழி, அவர்களுக்குச் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கு வேலைக்கு வந்தவர்கள்தான் பதில் எழுத உட்காரும்போது தடுமாறுகிறார்கள்.

காரணம் நம் ‘மீறு’. தமிழில் அப்பா பேச்சை மீறலாம், எல்லை மீறலாம், காரியம் கைமீறியும் போகலாம். காண்ட்ரவீனுக்கு அந்தத் தாராளம் கிடையாது. சட்டம், பிரிவு, விதி, உத்தரவு என்று ஏதாவது ஒன்றுதான் அதற்குச் செயப்படுபொருளாக வரும், ஆள் வரக்கூடாது. ‘ஹி காண்ட்ரவீன்ட் த மேனேஜர்’ என்று எழுதினால் தப்பு. அங்கே ‘டிஸ்ஒபே’ போதும். ஒருவருடைய உரிமையில் கைவைத்தால் ‘இன்ஃப்ரிஞ்ச்’, ஒப்பந்தத்தை மீறினால் ‘பிரீச்’. சாலை விதிக்கும் இன்ஃப்ரிஞ்ச்மென்ட் என்கிறார்களே என்றால், உண்மைதான். சாலை விதிமீறல்களைக் கையாளும் 1998-ஆம் ஆண்டின் ஆர்ட்டோ (AARTO) சட்டம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. நோட்டீஸில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே பதிலிலும் எழுதிவிடுங்கள், வம்பில்லை.

அடுத்தது ‘அகெய்ன்ஸ்ட்’. ‘விதிக்கு எதிராக’ என்று மனசு தமிழில் ஓடுவதால், ‘காண்ட்ரவீன்ட் அகெய்ன்ஸ்ட் த பைலா’ (பைலா என்பது நகராட்சி விதி) என்று கை தானாக எழுதிவிடுகிறது. ‘எதிர்’ என்பது ‘காண்ட்ரா’விலேயே அடங்கியிருக்கிறது. ‘காண்ட்ரவீன்ட் த பைலா’ என்றால் முடிந்தது. பெயர்ச்சொல்லாக்கினால் மட்டும் ‘இன் காண்ட்ரவென்ஷன் ஆஃப்’. உச்சரிப்பிலும் கவனம் வேண்டும்: வினையில் ‘வீன்’ நீளும், பெயர்ச்சொல்லில் ‘வென்’ என்று குறுகும்.

பலரும் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. 1996-ஆம் ஆண்டின் 93-ஆம் எண் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, ‘காண்ட்ரவீன்ஸ் ஆர் ஃபெயில்ஸ் டு கம்ப்ளை வித்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. வக்கீல்களுக்கு வளவளப்பு பிடிக்கும் என்பது வேறு விஷயம், இங்கே அது வளவளப்பு இல்லை. செய்யாதே என்றதைச் செய்வது முன்னது: குடித்துவிட்டு வண்டி ஓட்டி 65-ஆம் பிரிவில் மாட்டுவது போல. செய் என்றதைச் செய்யாமல் விடுவது பின்னது: போலீஸ் கைகாட்டியும் வண்டியை நிறுத்தாமல் போவது போல. எதைச் செய்யாமல் விட்டோமோ அதற்கு விளக்கம் எழுதும்போது, ‘ஃபெயில்ட் டு கம்ப்ளை’தான் இயல்பாகப் பொருந்தும்.

இதையெல்லாம்விட ஆபத்தான தவறு, பணிவாக எழுதுவதாக நினைத்து ‘ஐ காண்ட்ரவீன்ட் செக்‌ஷன் 59, ஐ ஆம் சாரி’ (59 என்பது அதே சாலைச் சட்டத்தின் வேக வரம்புப் பிரிவு) என்று ஆரம்பிப்பது. படிப்பவருக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம். தகராறு செய்யப்போகிறீர்கள் என்றால் ‘த அலெஜ்ட் காண்ட்ரவென்ஷன்’ என்றே எழுதுங்கள், அதாவது நடந்ததாகச் சொல்லப்படும் மீறல். மன்னிப்பு கேட்பதா, வழக்காடுவதா என்பதை முடிவுசெய்த பிறகு பேனாவை எடுங்கள்.