மில் இடத்துக்கு வந்த பணம்: கணக்குக் கேட்பது எப்படி?

என் அப்பா புதுச்சேரி ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். 1898 இல் தொடங்கி, பின்னாளில் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆன அந்த மில் 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. முதலியார்பேட்டை டீக்கடையில் இன்னும் அதே பேச்சுதான். அந்த இடத்தில் ஜவுளிப் பூங்கா வரும் என்பார் ஒருவர், மால் வரும் என்பார் இன்னொருவர். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஸ்மார்ட் சிட்டி நடைபாதை, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

"மில்லை ஏன் மூடினீர்கள், எப்போது திறப்பீர்கள்?" என்று எழுதாதீர்கள். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், விளக்கம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மூடல் அரசாணை, திட்ட அறிக்கை, பணி ஆணை, வந்த பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ்.

கட்டுமான வேலை என்றால் நான் முதலில் கேட்பது எம்-புக்கைத்தான். இளநிலைப் பொறியாளர் வேலை நடந்த இடத்தில் நீளம், அகலம், ஆழம் அளந்து எழுதும் புத்தகம் அது. அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸாகும். நகலை வாங்கிக்கொண்டு, ஒரு டேப்போடு தெருவில் இறங்குங்கள். புத்தகத்தில் இரண்டடி ஆழம் என்று இருக்கும் வாய்க்கால் உங்கள் முழங்காலைக்கூடத் தொடவில்லை என்றால், அடுத்த மனுவில் என்ன கேட்பது என்று தானே தெரிந்துவிடும். நேரில் போய்க் கோப்பைப் பார்க்கவும், நடக்கும் வேலையை ஆய்வு செய்யவும், போடும் பொருளில் மாதிரி எடுக்கவும்கூட சட்டம் இடம் தருகிறது. பக்கம் பக்கமாக நகல் வாங்குவதைவிடக் கோப்பைப் புரட்டுவது மேல். ஓரக்குறிப்புகளில்தான் சங்கதி இருக்கும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், அஞ்சல் ஆணையாக வைக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. துறை மாறிப் போனாலும் கவலை வேண்டாம், ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பியாக வேண்டும். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியதில் 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்த ஊர் இது. ஒரு மனு எழுத நாம் கூச்சப்படலாமா?

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் இரண்டாவது. கடலூர்க்காரர்கள் அதைச் சென்னைக்கு அனுப்புவார்கள். நாம் யூனியன் பிரதேசம் என்பதால் நமக்கு டெல்லியில் இருக்கும் மத்திய தகவல் ஆணையம்தான். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. முதல் மேல்முறையீட்டிலேயே இந்தப் பிரிவை, 20 என்று எண் போட்டு எழுதிவிடுங்கள்.