வெனிஸில் வழிமறிக்காமல் சுற்றுவது எப்படி

இத்தாலியின் கால்வாய் நகரமான வெனிஸின் பழைய பகுதிக்குள் கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை, சைக்கிள் ஓட்டவும் தடை. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும், காய்கறி வாங்கித் திரும்பும் பாட்டிக்கும், கடைக்குச் சரக்கு தள்ளிவரும் கைவண்டிக்காரருக்கும் அந்தக் குறுகிய சந்துதான் ரோடு. 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் இன்று 50,000 பேர்கூட இல்லை. அவர்கள் வழியை மறிக்காமல் நடக்கத் தெரிந்தாலே பாதி மரியாதை காட்டியாயிற்று.

வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். நாலு பேர் கைகோத்து வந்தால் சந்து அடைபட்டுவிடும். மொபைலில் வழி பார்க்க வேண்டுமென்றால் அடுத்த சதுக்கம் வரும்வரை பொறுத்து, ஒதுங்கி நின்று பாருங்கள். எல்லோரும் தவறுவது பாலத்தின் உச்சியில்தான். காட்சி அங்கே அழகு, அதனால் கூட்டமும் அங்கேயே தேங்கும். கைவண்டிக்காரர் பாரத்தை ஒவ்வொரு படியாக ஏற்றி வருகிறார். நடுவில் நிற்க வைத்தால் மொத்தப் பாரமும் அவர் தோளில். கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி, படத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். ‘அட்டென்ட்சியோனே!’ (கவனம்!) என்று பின்னாலிருந்து குரல் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் முந்த வேண்டுமானால் ‘பெர்மெஸ்ஸோ’ (கொஞ்சம் வழி விடுங்கள்) என்று சொன்னால் போதும்.

நகரில் 400க்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவை படிக்கட்டு. அறை எடுக்கும்போது நட்சத்திரத்தைவிட, படகுத்துறையிலிருந்து எத்தனை பாலம் ஏற வேண்டும் என்பதைப் பாருங்கள். பெட்டியைப் படியில் தடதடவென இழுக்காமல் தூக்கிச் செல்லுங்கள். கல்லின் விளிம்பும் தப்பும், சன்னலுக்குப் பின்னால் தூங்குபவர்களும் தப்புவார்கள்.

வாப்பொரெட்டோ எனும் நீர்ப்பேருந்துதான் உள்ளூர்க்காரர்களின் டவுன் பஸ். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, ஏறும் முன் கருவியில் தொட்டுக் காட்ட வேண்டும், கையில் டிக்கெட் இருந்தும் தொடாமல் ஏறினால் அபராதம் விழலாம். இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஏறி, முதுகுப்பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள். வாசலில் நின்று வீடியோ எடுக்காதீர்கள். சில படகுத்துறைகளில் உள்ளூர்க்காரர்களுக்குத் தனி வரிசை உண்டு. காலியாகத் தெரிந்தாலும் அதில் நுழையாதீர்கள்.

பகலில் வந்து திரும்புபவர்களுக்கு 2024 முதல் நுழைவுக் கட்டணம் இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட நாட்களில் மட்டும். 2025இல் முன்கூட்டிக் கட்டியவர்களுக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. இரவு தங்குபவர் கட்ட வேண்டாம். ஆனால் மாநகராட்சித் தளத்தில் பதிந்து விலக்குச் சீட்டு எடுத்துவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் சோதனையில் மாட்டலாம். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

படிக்கட்டிலும் பாலத்திலும் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தால் அபராதம். மலிவாகச் சாப்பிட பாக்காரோ எனும் சிறு மதுக்கடைக்குப் போங்கள்: ‘புவோன்ஜோர்னோ’ (வணக்கம்) சொல்லி, கண்ணாடிக்குள் இருக்கும் சிக்கெட்டி எனும் சிறு தீனித் துண்டுகளில் இரண்டு மூன்றைக் காட்டிக் கேட்டு, கவுன்டரில் நின்றே சாப்பிட்டு இடம்விடுங்கள். மது குடிக்காதவர்கள் தண்ணீர் கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காபியும் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் வேறு விலை. நகரின் முக்கியச் சதுக்கமான சான் மார்கோவில் இந்த வித்தியாசம் மயக்கம் வரவைக்கும். தெருக் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். குப்பைத்தொட்டி குறைவு என்பதால் ஒரு பை கையோடு இருக்கட்டும். வீட்டு வாசலில் குப்பையை வைத்தால் கடற்காகம் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும்.

தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கால்வாயில் குதிப்பதற்கும் புறாவுக்குத் தீனி போடுவதற்கும் தடை. நடைபாதையில் விரித்து விற்கும் போலி பிராண்டு கைப்பையை வாங்கினால், வாங்கியவருக்கே குறைந்தது 300 யூரோ அபராதம்.

கடல் தண்ணீர் தெருவுக்குள் ஏறும் நாட்களில் நடப்பதற்காகப் போடும் பலகை மேடையில் நிற்கவே கூடாது. ஒருவர் நின்றால் பின்னால் வரிசை முழுதும் நிற்கும். வெனிஸுக்கு அருகிலுள்ள புரானோ தீவின் வண்ண வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாசற்படியில் ஏறி உட்காராமல், கொடியில் காயும் துணியை விலக்காமல், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து படம் எடுங்கள்.